அங்கிட்டு நாட்டுச் சீட்டுக்கட்டு

நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். எழுதுவதில் ஒரு வசதி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆறாவதில் பாதியோடு நின்ற படிப்பு இதற்குப் போதும் என்று நினைக்கிறேன். இதைப் படிக்கிற நீங்களும் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்தான். சீட்டுக்கட்டு என்ற சொல்லை நம் வீடுகளில் எப்படிக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் அது இன்னும் சங்கடம். அப்பா வேலை பார்த்ததே சீட்டாடும் கிளப்பில்தான். டவுனில், தல்லாகுளம் பக்கம் ஒரு மாடியில் இருந்தது அது. மேஜை துடைப்பது, சாம்பல் தட்டுகளைக் கொட்டுவது, ஆடுகிறவர்களுக்கு டீயும் சிகரெட்டும் வாங்கி வருவது அவர் வேலை. மத்தியானத்துக்கு மேல் பஸ் ஏறினால் மறுநாள் காலையில்தான் வருவார். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிடுவார். ஒரு நாளும் சீட்டைக் கையில் பிடித்து அங்கே உட்கார்ந்தவரில்லை. ஆனால் திருநகரைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் இதை யார் நம்புவார்கள்? சீட்டாடும் இடத்துக்குப் போகிறார், விடிந்து வருகிறார், பகலெல்லாம் தூங்குகிறார். நானே முழுதாக நம்பினேனா என்று தெரியவில்லை. அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று வாத்தியார் கேட்டால், "ஆபீஸ்ல சார்" என்பேன்.

அந்தக் கிளப்பில் ஒரு கட்டை ஒரு நாளைக்கு மேல் ஆட மாட்டார்கள். ஓரம் மடங்கியோ நகம் பட்டோ போனால் எது என்ன சீட்டு என்று பின்பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பழைய கட்டு மறுபடி மேஜைக்கு வந்துவிடக் கூடாது என்று எல்லாச் சீட்டிலும் ஒரு மூலையைக் கத்தரித்துக் குப்பையில் போடுவார்கள். குப்பையைக் கொட்டுவது அப்பா. அதில் கசங்காத கட்டாகப் பார்த்து எப்போதாவது ஒன்றைத் தூக்குவாளிக்குள் வைத்து எனக்குக் கொண்டுவருவார். எங்கள் வீட்டில் வேறு விளையாட்டுச் சாமான் கிடையாது. சீட்டைத் தொட்டால், வழுக்கி ஓட அங்கே தடவிய பவுடர் விரலில் ஒட்டும். மூக்கருகில் வைத்தால் சிகரெட்டும் வேர்வையும் கலந்து அப்பாவின் சட்டை மாதிரியே இருக்கும். அந்த வாடை என்மேல் வந்துவிடுமோ என்று என் பள்ளிக்கூடச் சட்டையை நான் வேறு ஆணியில் மாட்டுவேன்.

அம்மா கட்டைக் கண்டால் விட மாட்டாள்.

"அந்தக் கருமத்த வெளிய எறிங்க. கல்யாணத்துக்கு ஒரு புள்ளைய வச்சுக்கிட்டு... பாக்க வாரவுக கண்ணுல பட்டா என்ன நெனப்பாக?"

"ஆடுறதுக்கா கொண்டாந்தேன்? பய அடுக்கி வீடு கட்டி வெளையாடுவான்."

"வீட்டக் கவுக்குற சாமான வச்சு வீடு கட்டுறானாக்கும்!"

கட்டு அடுப்புக்குள் போய்விடும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் அக்கா. வயதுக்கு வந்ததும் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைவாள். "ராஜா ராணி இருந்தாத்தானடா அது சீட்டு? ஆளப் பூரா மாத்திப்புட்டா அம்மாவுக்கு என்னா தெரியும்?" என்றாள்.

ஆளை மாற்ற வேண்டுமென்றால் அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று முடிவு செய்ய வேண்டும். கண்மாய்க் கரையில் நின்றால் தூரத்தில் மெயின் ரோட்டில் போகிற பஸ்கள் தெரியும். எங்கே போகிறது என்று நான் கேட்டால் அக்கா கையை நீட்டி, "அங்கிட்டு" என்பாள். அவளும் அங்கே போனதில்லை. அதுவே அந்த நாட்டுக்குப் பெயராகிவிட்டது.

முழுப்பரீட்சை லீவு அது. பருத்தி எடுக்கும் பருவம். அம்மா வெயில் ஏறுமுன் காட்டுக்குப் போய்விடுவாள். அப்பா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். நானும் அக்காவும் சோற்றுக் கஞ்சியைப் பசையாக்கி, பழைய நோட்டுத்தாளை வெட்டிப் படச்சீட்டுகளின் மேல் ஒட்டுவோம். காய்ந்ததும் அக்கா வரைவாள். சொட்டு நீலம், குங்குமம், மஞ்சள், அடுப்புக்கரி இவ்வளவுதான் சாயம். நான் வேப்பங்குச்சியை மென்று மென்று தூரிகை செய்து கொடுப்பேன். இன்றைக்கும் வாயில் கசப்பு பட்டால் அந்தப் படங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன.

இஸ்பேடைக் கவிழ்த்துக் காம்பை நீட்டினால் அரச இலை. ஆடுதன் வெற்றிலை. அங்கிட்டு வெற்றிலை சிவப்பாகத்தான் முளைக்கும் என்று அக்கா சொல்லிவிட்டாள். டைமன் எனக்குத் தேங்காய் பர்பி மாதிரித் தெரிந்தது, சரி பர்பி என்றாள். கிளாவர் வெடிக்கப் போகிற பருத்திக்காய்.

"அங்கிட்டு ராஜா கெடையாதுடா. ராஜா வந்தா பூராப் பேரும் எந்திரிச்சு நிக்கணும். அங்கிட்டு ஆரும் ஆருக்கும் எந்திரிக்க வேணாம்."

அதனால் ராஜா மடை திறக்கிறவர் ஆனார். கத்தி மண்வெட்டியானது. ராணி பஸ் ஓட்டுகிறவள். கையில் இருந்த பூவை வட்டமாக்கி ஸ்டியரிங் ஆக்கினாள் அக்கா. மந்திரிக்குப் பதிலாகத் தூங்குகிறவர். அங்கிட்டு ஒருவர் பகலில் தூங்கினால் ராத்திரி முழுக்க உழைத்தவர் என்று தெருவே சத்தமில்லாமல் நடக்குமாம். நாலு வகைச் சீட்டிலும் நாலு விதமாக அப்பாவைப் படுக்கப் போட்டு வரைந்தாள். ஒன்றில் குப்புற, ஒன்றில் வாயைப் பிளந்து.

மிச்சம் இருந்தது ஜோக்கர். அந்தப் பருவத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரையும் கூட்டிவந்தவர் ஒரே தரகர். மஞ்சப்பை, குடை, முன்பல் இரண்டு இல்லை. வந்தவர்கள் அக்காவை நடக்கச் சொன்னார்கள். ஒரு பெரியம்மா கண் பார்வை எப்படி என்று ஊசியில் நூல் கோக்கச் சொன்னாள். ஒருவர் எழுந்து கதவோரம் நின்று தன் தோளுக்கு அவள் எவ்வளவு வருகிறாள் என்று அளந்தார். இன்னொருவர் கேசரியில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றார். போகும்போது எல்லோரும் ஒரே மாதிரி, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. பெண் உயரம் என்று சிலர் சொன்னார்களாம். தகப்பன் சீட்டாட்டக்காரர் என்று எல்லோரும் சொன்னார்களாம்.

அக்கா அழ மாட்டாள். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அப்பா பல கட்டுகளிலிருந்து பொறுக்கிவந்த ஜோக்கர் சீட்டுகளில் ஒன்றை எடுத்துத் தாளை ஒட்டி உட்கார்ந்துவிடுவாள். ஊசி கொடுத்த பெரியம்மாவின் மூக்கிலேயே நூலைக் கோத்துவிட்டாள். அளந்து பார்த்தவருக்குத் தையல்காரர் டேப்பைக் கழுத்தில் சுற்றினாள். முந்திரிக்காரருக்கு ஒரு கன்னம் பூசணிக்காய். தரகரும் தப்பவில்லை. எல்லாப் படத்துக்கும் கீழே 'பார்க்க வந்தவர்' என்று எழுதினாள்.

ஆட்டமும் அங்கிட்டு ஆட்டம்தான். ஒரு ஆட்டத்துக்குப் பார்க்க வந்தவர் ஒருவரைத்தான் கட்டில் சேர்ப்போம். பக்கத்தில் இருப்பவர் கையிலிருந்து பார்க்காமல் ஒரு சீட்டை உருவ வேண்டும். ஜோடி சேர்ந்தால் கீழே போட வேண்டும். பார்க்க வந்தவருக்கு ஜோடி கிடையாது. கடைசியில் அவர் யார் கையில் தங்குகிறாரோ அவர் தோற்றவர். அங்கிட்டு மாப்பிள்ளைதான் காபித் தட்டு தூக்க வேண்டும் என்பதால், தோற்றவர் தட்டில் டம்ளரை வைத்துத் தலையைக் குனிந்து கொண்டுவந்து நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லி, ஒரு பாட்டும் பாட வேண்டும்.

அப்பா மத்தியானம் எழுந்ததும் பஸ் நேரம் வரை எங்களோடு உட்கார்ந்துவிடுவார். பாதி நாள் தோற்பவர் அவர்தான்.

"மாப்ள நல்லா நடப்பாரா? கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க" என்பாள் அக்கா, கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

அப்பா வேட்டியைத் தழையவிட்டு, தட்டோடு மெல்ல நடந்து காட்டுவார்.

"சமைக்கத் தெரியுமா?"

"சுடுதண்ணி நல்லா வப்பேனுங்க."

"அம்புட்டுத்தானா? பாட்டு?"

அப்பாவுக்கு ஒரு பாட்டும் தெரியாது. தலையைக் குனிந்தபடி பஸ் நிற்கிற ஊர்களை ராகம் போட்டு இழுப்பார். "திருநகரூ... கப்பலூரூ... திருமங்கலம் எறங்கு..." அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்வாள். "பாத்தாச்சு, சொல்லி அனுப்புறோம்" என்பாள்.

இதில் ஒன்றைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். அக்கா முன்னால்கூடப் பாட எனக்கு உயிர் போகும். பார்க்க வந்தவர் என் கைக்கு வந்துவிட்டால் முகம் வெளுத்துவிடும். ஆனால் அப்பா என் கையிலிருந்து உருவும்போது எப்படியோ அந்தச் சீட்டைத்தான் உருவுவார். தாள் ஒட்டிய கனமோ, மூலை வெட்டிய விதமோ, வருடக்கணக்காகச் சீட்டுப் பொறுக்கிய விரலுக்கு எது என்ன என்று தெரிந்திருக்கிறது. நான் அவருக்கு ஆடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லீவு முடியும் சமயத்தில் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கப்பலூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். போட்டோவைப் பார்த்து அப்பா, "பய நல்ல ஒசரம்" என்றார். மற்றவர்கள் போட்டோவை அக்கா திரும்பிப் பார்த்ததில்லை. இதை அம்மாவிடம் மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தாள். கண்மாய்க்குக் குளிக்கப் போகையில் என்னிடம், "டேய், இவரு வந்துட்டுப் போனா வரையச் சொல்லக் கூடாது, என்னா?" என்றாள். அவளுக்கு இந்த இடம் அமைய வேண்டும் என்று இருந்தது. எனக்கும் அது தெரிந்தது.

கட்டை நாங்கள் ஒளித்து வைக்கும் இடம் சுருட்டி நிறுத்திய ஜமுக்காளம். ஆள் வந்தால்தான் அதை விரிப்பார்கள், மற்ற நாளில் அம்மா தொட மாட்டாள். பெண் பார்க்க வருகிற அன்று அக்கா முன்கூட்டியே கட்டை எடுத்துவிடுவாள். இவர்கள் சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள், வேன் சீக்கிரம் கிடைத்துவிட்டது என்று மத்தியானமே வந்து இறங்கிவிட்டார்கள். அக்கா அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே ஈரத்தோடு நின்றாள். அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கடையிலிருந்து வாழைப்பழச் சீப்போடு வாசலில் கால் வைக்கிறேன். "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே அம்மா பதற்றத்தில் ஜமுக்காளத்தைத் தூக்கி ஓர் உதறு உதறினாள்.

அங்கிட்டு நாடு முழுவதும் வந்தவர்கள் காலடியில் சிதறியது.

தரகர்தான் முதலில் குனிந்தார். "அடடே, இது நானுல்ல! பை, கொடை... பல்லு ரெண்டு இல்லாததக்கூட விடலயேப்பா!" என்று வாயைத் திறந்து சிரித்தார். மாப்பிள்ளை, மூக்கில் நூல் கோத்த பெரியம்மாவை எடுத்துப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "யாரு வரைஞ்சது இது?" என்று கேட்டார். கேட்டபோது அவர் கண் உள்கதவுப் பக்கம் போனது. கதவிடுக்கில் அக்காவின் ஈரத்தலை தெரிந்தது. அவளும் சிரிப்பது மாதிரித்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் கையில் கிடைத்தது முந்திரிக்காரர். அவருக்கும் கன்னம் பெரிசு. "பார்க்க வந்தவர்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். நகத்தால் சுரண்டினார். கஞ்சிப் பசை விட்டது. உள்ளே குல்லாய் வைத்த ஜோக்கர்.

"ஓகோ. பாக்க வாரவனெல்லாம் ஜோக்கரா? மூலை வெட்டுன கட்டு வேற. இது கிளப்புக் கட்டு. எந்த வாய்க்கொழுப்பெடுத்த கழுதை இத வரைஞ்சது?"

கிளப் வாசலை மிதிக்காதவருக்கு மூலை வெட்டியதன் அர்த்தம் எப்படித் தெரியும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இப்போது எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

அப்பா ஒரு கை மட்டும் சட்டைக்குள் நுழைத்தபடி முன்னால் வந்தார்.

"நான்தாங்க வரைஞ்சேன்."

"நீங்களா?"

"ஆமாங்க. பொழுது போகாம... புள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது. தப்பா எடுத்துக்காதீக."

"அப்ப சீட்டு ஆடுவீக?"

அப்பா ஒரு நொடி தரையைப் பார்த்தார். "எப்பவாச்சும்" என்றார்.

கதவுக்குப் பின்னால் அக்கா அசைந்தாள். அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மேல் அவள் அசையவில்லை. மாப்பிள்ளையின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கையிலிருந்த சீட்டைக் குனிந்து கீழே வைத்தார், படம் தெரியாமல் கவிழ்த்து வைத்தார். எனக்கு அந்தச் சீப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்கய்யா" என்று அம்மா வாசல் வரை போனாள். கை நனைக்காமல் வேனில் ஏறிவிட்டார்கள். அன்றைக்குச் 'சொல்லி அனுப்புறோம்' என்றுகூட யாரும் சொல்லவில்லை.

பார்க்க வந்தவர்களைப் பெண்ணே கேலி செய்தாள் என்று ஊர் பேசினால், அதன்பின் ஒரு வாசல் திறக்காது என்று அப்பா கணக்குப் போட்டிருக்கிறார். தனக்குத்தான் ஏற்கனவே பெயர் கெட்டிருக்கிறதே, அதன்மேல் இன்னொன்று ஏறினால் என்ன என்று நினைத்திருப்பார். பெண்ணைக் காப்பாற்றிவிட்டதாகவே நம்பி அன்றும் பஸ் ஏறி வேலைக்குப் போனார். அம்மா சீட்டுகளைப் பெருக்கி அள்ளி அடுப்பில் போட்டாள். கஞ்சிப் பசை எரிந்து சோறு கருகும் வாடை வீடெல்லாம் நின்றது. அப்பா வரைந்தார் என்பதை அம்மா நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அக்காவின் கோலத்தைத் தினமும் வாசலில் பார்த்தவள் அவள். ஆனால் நம்பியவள் மாதிரியே கடைசி வரை அவரைத் திட்டினாள்.

தரகர் பேசாமல் இருப்பாரா? ஊருக்குள் அப்பாவுக்கு ஜோக்கர் என்று பெயர் விழுந்தது. ஆறாவதுக்கு நான் திருநகர்ப் பக்கம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பையன்கள், "ஜோக்கர் மகன் வாரான், எடம் விடுங்கடா" என்பார்கள். வரைந்தது அப்பா இல்லை என்று சொன்னால் அக்காவைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொல்லி நின்றுவிட்டேன். அப்பா காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது நான் டீக்கடைப் பக்கம் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரும் என்னைக் கூப்பிட மாட்டார். பார்க்காத மாதிரியே தாண்டிப் போவார்.

அக்காவை உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அத்தானைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்கா அதற்குப் பிறகு காகிதத்தில் எதுவும் வரைந்து நான் பார்த்ததில்லை. மார்கழியில் போனால் மட்டும் அவள் வாசல் கோலத்தின் நாலு மூலையிலும் அரச இலை, வெற்றிலை, பர்பி, பருத்திக்காய் இருக்கும். நான் பார்ப்பேன். அவள் நான் பார்ப்பதைப் பார்ப்பாள். உள்ளே போய்ச் சாப்பிடுவோம்.

இப்போது நான் கப்பலூரில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். போன மாதம் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். நல்ல உயரம், தலை முழுக்க நரை, விரல் நகங்களில் பட்டறைக் கறுப்பு. ஊர்ப் பெயரைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அங்க கிளப்புல வேல பாத்தவரு ஒருத்தரு இருந்தாரே. படமெல்லாம் வரைவாரு."

"எங்கப்பாதாண்ணே."

"அட!" அவர் என் பக்கம் நன்றாகத் திரும்பிவிட்டார். "அந்த வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தவன்யா நானு. மூக்குல நூலு கோத்த கெழவி... இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. என் பேரனுக்கு அத வரைஞ்சு காட்டப் பாத்தேன், வரமாட்டேங்குது." சிரித்தார். பிறகு குரலைக் குறைத்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத தம்பி. அன்னைக்கு அந்தப் புள்ளதான் வரைஞ்சிருக்கும்னு நெனச்சேன். இம்புட்டுக் குறும்பு இருக்குற புள்ளையோட காலம் பூரா சிரிச்சுக்கிட்டே கெடக்கலாமேன்னு தோணுச்சு. எங்க மாமன் குதிச்சிருப்பாரு, நான் சமாளிச்சிருப்பேன். ஆனா ஒங்கப்பாவே நான்தான்னுட்டாரு. ஆடுவேன்னும் சொல்லிட்டாரு. அப்பறம் எந்த வாய வச்சு நான் பேச?"

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடை படிந்துவிட்டது.

"இப்பக் கேக்குறதுல ஒண்ணுமில்ல. நெசமாவே ஒங்கப்பாதான் வரைஞ்சாரா?"

அப்பா இறந்து வெகு காலமாகிறது. அவருக்கு இருந்த பெயரை இனி யாரும் கெடுக்கவும் முடியாது, மீட்கவும் முடியாது. ஒரு சொல் சொல்லியிருந்தால் மீட்டிருக்கலாமோ என்னவோ. அந்த ஒரு மனிதரிடமாவது அவர் ஆடாதவர் என்று ஆகியிருக்கும். ஆனால் அந்தச் சொல் அங்கேயே நிற்காது. உசிலம்பட்டியில் ஒரு வாசல் வரை போகும். அன்று அப்பா சும்மா இருந்திருந்தாலே அந்தச் சம்பந்தம் அமைந்திருக்கும் என்று அக்கா தெரிந்துகொள்வாள். இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் யோசிக்கவே இல்லை. ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருந்தார், எனக்கு அது தாங்கவில்லை.

"ஆமாண்ணே. அப்பாதான்" என்றேன்.

"கைகாரரு" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

கேட்டுக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தேன். தட்டைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து, பஸ் நிற்கிற ஊர்களை ராகம் போட்டுப் பாடுகிற அப்பா எதிரே நின்றார். சின்ன வயதில் பார்க்க வந்தவர் சீட்டை அவராக என் கையிலிருந்து உருவிக்கொண்டார். இந்தத் தடவை அவர் கை நீட்டவில்லை. நானாகத்தான் அவரிடம் தள்ளினேன்.